மூன்றாம் முனை

தமிழ் நெடுங்கணக்கில் ஆய்தம் என்னும் எழுத்து ஒன்று உண்டு. கீழே இரண்டு புள்ளிகளும் மேலே ஒரு புள்ளியுமாக, அடுப்புக் கற்களை வைத்தாற்போல விளங்கும் அதன் வடிவத்தை மாணவர்கள் நன்கு அறிவர். அவ்வடிவத்தை நம் வீட்டுச் சுவரிலும் காணலாம். பிளக்கைச் செருகுதற்கு அமைந்த சாக்கெட்டின் மூன்று துளைகளும் ஆய்தம்போலவே உள்ளன. கீழ்த்துளைகளுள் நமக்கு வலப்புறம் இருப்பது மின்சாரம் வரும் வழி. இடப்புறம் இருப்பது அது திரும்பும் வழி. மின்பணியாளர் இவற்றைப் பேஸ் என்றும் நியூட்ரல் என்றும் வழங்குவர். மேலே உள்ள துளையோ இவ்விரண்டிலும் சேராதது. அதன் உதவியின்றியே விளக்கு எரியும், விசிறி சுழலும். ஆதலின் அது வேண்டாத உறுப்பு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். எர்த்து எனப்படும் நில இணைப்பு அதுவே. இலக்கணம் கற்பித்தவனுக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். ஓர் எழுத்தை விட்டுவிட்டால் சொல் சிதையும் என்று கற்பித்தவன், ஒரு முனையை விட்டுவிட்டால் உயிரே போகும் என்பதையும் கூறுதல் தகும் அன்றோ?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் வழியில் அமைந்தது திருக்கடையூர். அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய இவ்வூருக்கு, அறுபதாம் ஆண்டு நிறைவு மணமும் எண்பதாம் ஆண்டு நிறைவு மணமும் செய்துகொள்ள நாள்தோறும் குடும்பங்கள் வருகின்றன. உற்றார் உறவினர் வேன்களில் வந்து இறங்குவர், மண்டபங்களில் தங்குவர், இவருள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவோரும் உளர். விழா நாளில் இழுவை வண்டியின் பின்னே மின்விளக்கால் அணிசெய்த ஊர்தி வரும். அதன் பின்னே ஜெனரேட்டர் ஒன்று உருண்டு வரும். அங்கே ஒரே பெட்டியில் அடாப்டரின்மேல் அடாப்டராகச் செருகி, சீரியல் விளக்கையும் ஒலிபெருக்கியையும் இயக்குவதைப் பல ஊர்களிலும் காணலாம். இந்த அடாப்டர்களுள் மூன்று முனையை இரண்டு முனையாக்குவது ஒரு வகை. அதனைச் செருகிய அக்கணமே நில இணைப்பு அறுந்துபோகிறது. விளக்கு மட்டும் முன்போலவே ஒளிர்வதால் அறுந்ததை எவரும் அறியார்.

அறுந்தால் என்ன நேரும்? நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர் வரும். அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகும்; பற்றியதை விட மனம் விரும்பினும் கை விடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டுச் சற்று நேரம் ஓடினால் இதயத்தின் துடிப்பு நிலைகுலையலாம். நனைந்த உடலில் பாய்வதோ இதனினும் நான்கு மடங்கிற்கு மேல்! ஆயினும் 6 ஆம்பியர் பியூசு இதனை ஒரு பொருட்டாகக் கொள்ளாது. அதன் கணக்கில் 0.23 ஆம்பியர் என்பது ஒரு சிறு விளக்கு எரிவது போன்றதே. பியூசு கம்பியைக் காக்க வந்தது. மனிதனைக் காக்க வந்ததன்று.

மனிதனைக் காக்க வந்ததே மூன்றாம் முனை. கருவியின் உள்ளே கம்பியின் உறை தேய்ந்து, அதன் இரும்பு உடலைப் பேஸ் தொட்டுவிட்டது என்று கொள்க. நில இணைப்பு இருந்து, அதன் தடை 5 ஓம் அளவில் இருந்தால், 46 ஆம்பியர் நிலத்திற்குப் பாயும். பியூசு உருகும், கருவி அணையும், தொடுவதற்கு முன்னரே பகை வெளிப்பட்டுவிடும். நில இணைப்பு இல்லையேல், அவ்விரும்பு உடல் ஓசையின்றி 230 வோல்ட்டைத் தாங்கிக் காத்திருக்கும். மூன்றாம் முனை மற்ற இரண்டினும் தடித்து நீண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் தொடவேண்டும். பிடுங்கும்போது அது கடைசியில் விடவேண்டும். காவலன் முன்னே வந்து பின்னே போகும் முறை இது.

சக்கர வண்டியில் இவ்விடர் மிகுதி. வீடு நிலத்தின்மேல் நிற்கிறது. வண்டியோ ரப்பர் டயரின்மேல் நிற்கிறது. தங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சுவரிலிருந்து நீண்ட கம்பி இழுத்து, நில இணைப்பற்ற அடாப்டர் வழியே அதற்கு மின்சாரம் கொடுக்கிறோம் என்க. வண்டியின் உடலில் மின்சாரம் கசிந்தாலும் உள்ளே அமர்ந்திருப்போர் ஒன்றும் உணரார். அவர் உடல் முழுவதும் ஒரே அழுத்தத்தில் உள்ளது. இறங்குவோர், கைப்பிடியை விடாமல் ஒரு காலை ஈர மண்ணில் ஊன்றும் அக்கணத்திலேயே மின்சாரத்திற்கு வழி திறக்கிறது. வெறுங்காலுடன் வந்து வண்டியைத் தொடும் சிறுவனுக்கும் அதுவே நிலை. காவிரிப் படுகையின் மண் ஈரம் மிக்கது. நில இணைப்புக்கு அவ்வீரம் நன்மையே. நில இணைப்பு இல்லாதபோது அதே ஈரம் நம் காலடியில் பகையாகிறது.

அடாப்டரில் வேறொரு தீங்கும் உண்டு. நம் நாட்டில் 6 ஆம்பியர் பிளக்கு சிறியது. 16 ஆம்பியர் பிளக்கு பெரியது. பெரியது சிறிய துளையில் நுழையாது, நுழையாதிருப்பதே காப்பு. 6 ஆம்பியர் வழியில் 1380 வாட்டு வரையே செல்லலாம். 2000 வாட்டு வெந்நீர்க் கருவியோ 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் அடாப்டரால் பிணைத்தால் கம்பி சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பியைச் சுருளாக விட்டுவைத்தால் அவ்வெப்பம் வெளியேறவும் வழியில்லை. திருக்கடையூரைப்போல் கடலுக்கு அண்மையில் உள்ள ஊர்களில் உப்புக்காற்றால் பித்தளை முனைகளில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடத்தில் தடை மிகும். தடை மிக்க இடம் தீயும். பிளக்கு கருகும் நாற்றம் வந்தால், அதை நறுமணப் புகையால் மறைக்க முயலாமல் இணைப்பை நிறுத்துக.

ஆஸ்திரேலியாவில் வீடுபோன்ற வண்டியைக் காரின் பின்னே கட்டி ஊர்ஊராகச் செல்வோர் பலர். அவ்வண்டிகளின் பிளக்கு 15 ஆம்பியருக்கு உரியது. அதன் நில முனை அகலமானது. வீட்டுச் சாக்கெட்டோ 10 ஆம்பியருக்கு உரியது. நுழையவில்லை என்று அகன்ற முனையை அரத்தால் அராவிக் குறைப்போர் அங்கும் உளர். அதற்கு மாற்றாக, 10 ஆம்பியரைக் கடந்தால் தானே நிற்கும் பொறியை உள்ளடக்கிய அடாப்டர் அந்நாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. முனையை அராவுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சிங்கப்பூரினர் கொண்டுவரும் தட்டை முனைப் பிளக்குக்கும் அடாப்டர் வேண்டும். ஆயினும் அடாப்டர் வடிவத்தை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக் கருவி ஒன்றை இங்கே அடாப்டரில் செருகினால் அது எரிந்துபோகும். 100 முதல் 240 வோல்ட்டு வரை ஏற்கும் என்று கருவியின்மேல் பொறித்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

இக்காலத்தில் ஆர்.சி.சி.பி. என்னும் பொறியையும் பொருத்துகின்றனர். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்துள்ளனவா என்று அது இடைவிடாது கணக்குப் பார்க்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுக்கும். அதன்மேல் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் வேண்டும். நில இணைப்பு இல்லாதபோதும் அது தொழிற்படும். ஆனால் நம் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பின்னரே கசிவை அறியும். அதனால் இரண்டும் வேண்டும்.

இவையெல்லாம் வண்டிக்குள்ளும் தரையிலும் உள்ள கம்பிகளைப் பற்றியன. தலைக்கு மேலே உள்ள கம்பியை எந்தப் பொறியாலும் அடக்க முடியாது. 2022 ஏப்பிரல் 27 அன்று, விடியலுக்கு முன்னர், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் வீதியில் திரும்பியபோது, அதன் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. சிறுவர் உட்பட 11 பேர் உயிர் இழந்தனர். தேர் வரும் வீதியில் கம்பி எவ்வளவு உயரத்தில் உள்ளது, அலங்காரம் சேர்ந்தபின் தேரின் உயரம் எவ்வளவு என்று புறப்படுமுன் அளந்து பார்த்தலும், மின்வாரியத்தாரிடம் சொல்லித் தேர் கடக்கும்வரை மின்சாரத்தை நிறுத்தச் செய்தலும் விழாக் குழுவினர்க்கு முதற்பணி. சாலையை உயர்த்திப் போட்டிருந்தால் சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டுக்கு உதவாது.

ஊர்தியின் ஜெனரேட்டருக்கும் நில இணைப்பு உண்டு. நிறுத்தி இயக்கும் இடத்தில் அதன் உடலிலிருந்து தடித்த செப்புக் கம்பியை இழுத்து, நிலத்தில் அறைந்த உலோகக் கோலில் இறுகப் பிணைப்பர். இதனை மின்பணி உரிமம் பெற்றவரே செய்தல் வேண்டும். ஓடும் ஊர்தியில் கோல் அறைய இயலாதாகையால், அங்கே உறை சிதையாத கம்பியும், மழைநீர் புகாத இணைப்புப் பெட்டியும், ஆர்.சி.சி.பி.யும் இன்றியமையாதவை. விழா முடிந்து பிரிக்கும்போது, முதலில் சுவிட்சை அணைப்பர், பின்பு பிளக்குகளைப் பிடுங்குவர், ஜெனரேட்டரை நிறுத்துவர், நிலத்துக் கோலின் கம்பியை எல்லாவற்றுக்கும் கடைசியில் அவிழ்ப்பர்.