இலண்டன் மாநகரின் பொதுமனைகளும் அவற்றின் கதவடைக்கும் வேளையும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர், அவர்தம் அரண்மனைகளையும் ஆலயங்களையும் மட்டும் நோக்கினாற் போதாது. உழைத்துக் களைத்தபின் அவர்கள் மாலைப்பொழுதைக் கழிக்கும் இடங்களையும் நோக்குதல் வேண்டும். ஆங்கில நூல்களைப் பயிலும் நம் மாணவர் ‘பப்’ என்னுஞ் சொல்லைப் பலகாலுங் காண்கின்றனர். அதனை வெறுங் குடிக்கடை என்றெண்ணி மேற்செல்கின்றனர். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் குறுக்கமே அச்சொல். பொதுமனை என்பது அதன் நேர்ப்பொருளாம். அம்மனை யாவர்க்குப் பொது? எவ்வேளையிற் பொது? இவ்விரு வினாக்களையும் துணையாகக் கொண்டு, இலண்டன் மாநகரின் தெருக்களிலுள்ள பொதுமனைகளின் வரலாற்றைச் சிறிது ஆராயப் புகுகின்றோம். மதுவைப் புகழ்தல் நம் கருத்தன்று என்பதை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம்.

இம்மனைகளின்மேல் அரசாங்கத்தின் கண் விழுந்தது நெடுங்காலத்துக்கு முன்னரேயாம். 1552-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பீர் விற்போர் நீதவான்களிடம் அநுமதி பெறுதல் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலிவான ஜின் என்னுஞ் சாராயம் இலண்டன் ஏழைகளைப் பெரிதும் அலைக்கழித்தது. ஹோகார்த் என்னும் ஓவியர் 1751-இல் வெளியிட்ட இரு படங்களுள் ஒன்று ஜின் குடித்துச் சீரழியுந் தெருவையும், மற்றொன்று பீர் அருந்திச் செழிக்குந் தெருவையுங் காட்டுவன. பீர் நல்லது, ஜின் தீயது என்னும் அக்காலத்தார் எண்ணம் அவற்றால் விளங்கும். அவ்வெண்ணமே 1830-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் வழிகோலியது. வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் 2 கினி கட்டணஞ் செலுத்தினால், நீதவானைக் கேளாமலே தம் வீட்டிற் பீர் விற்கலாம் என்றது அச்சட்டம். சின்னாட்களுள் நாடெங்கும் பல்லாயிரம் புதிய கடைகள் தோன்றின. 1869-இல் அவை மீண்டும் நீதவான்களின் ஆட்சிக்குள் வந்தன.

விக்டோரியா அரசியார் காலத்துப் பொதுமனை பெயரளவிற்றான் பொது. ஒரு கூரையின்கீழ்ப் பல அறைகள் இருந்தன. உழைப்பாளர்க்கு ஒன்று, சிறிது மிகுதியான விலை கொடுப்போர்க்கு மெத்தையிட்ட மற்றொன்று, பிறர் கண்ணிற் படாது ஒதுங்கியிருக்க விரும்புவோர்க்குச் சிற்றறை யொன்று, குடத்திலும் போத்தலிலும் வாங்கி வீட்டிற்குக் கொண்டுசெல்வோர்க்குத் தனி வாயில். தெருவிலுள்ள பல தரத்தாரும் ஒரே மனைக்குள் வந்தனர். ஆயினும் ஒருவரையொருவர் காணாவண்ணம் பொறித்த கண்ணாடித் தட்டிகள் இடையே நின்றன.

வேளையோ, இன்று கேட்போர் வியக்கத்தக்கது. 1914-ஆம் ஆண்டுக்கு முன்னர் வார நாட்களிற் காலை 5 மணி முதல் நள்ளிரவுக்குப் பின் 12.30 மணி வரை இலண்டன் பொதுமனைகள் திறந்திருக்கலாம். அஃதாவது பத்தொன்பதரை மணி நேரம். அந்நாளில் மூடும் வேளையைச் சட்டத்தினுஞ் செவ்வையாகக் காத்தவர் மனைக்குரியோரே போலும். டிக்கன்ஸ் 1864-65-இல் எழுதிய ‘ஔவர் மியூச்சுவல் ஃபிரெண்டு’ என்னும் நவீனத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் மனை நடத்தும் ஆபி பாட்டர்சன் என்னும் மாது, ஒவ்வொருவனையும் அவனவனுக்குரிய வேளையில் எழுப்பி வீட்டுக்கு அனுப்புகின்றாள். எவனுக்கு மனைவி காத்திருக்கின்றாள் என்பதும் அவள் அறிவாள். அயலாரை அறிந்தவள் கதவுக்குக் காவலாய் இருந்தாள் என்பது ஈண்டுக் கருதற்பாலது.

மதுவிலக்குப் பணியாளரும் இவ்வுண்மையை உணர்ந்தே யிருந்தனர். குடிப்பவன் மதுவை மட்டும் நாடி வருகின்றானல்லன்; வெளிச்சம், கணப்பு, பேச்சுத்துணை ஆகியவற்றையும் நாடி வருகின்றான். ஆதலின் கதவடைத்தல் மட்டும் போதாது, வேறொரு கதவைத் திறத்தலும் வேண்டுமென அவர் கருதினர். 1870-களில் காப்பி விற்கும் பொதுமனைகள் எழுந்தன. எம்மா கான்ஸ் அம்மையார் 1880-இல் லாம்பெத்துப் பகுதியிலிருந்த பழைய நாடகசாலை யொன்றை மதுவில்லாக் காப்பி மண்டபமாகவும் இசை மண்டபமாகவும் திறந்தார். பிற்காலத்தில் ‘ஓல்ட் விக்’ என உலகப் புகழ்பெற்ற நாடக அரங்கு அதுவே.

முதல் உலகப்போர் அனைத்தையும் மாற்றிற்று. வெடிமருந்துத் தொழிலாளர் குடியினால் வேலைக்குத் தவறுகின்றனர் என்னுங் குறையெழவே, 1915-இல் மதுவியாபாரத்தை அடக்க ஒரு நடுவண் சபை நிறுவப்பட்டது. திறந்திருக்கும் வேளை நாளொன்றுக்கு ஐந்தரை மணியளவிற்குச் சுருங்கியது. நண்பகலிற் சிறிது, மாலையிற் சிறிது, இடையே கதவடைப்பு. ஒருவர் மற்றொருவர்க்கு வாங்கிக் கொடுத்தலுந் தடுக்கப்பட்டது. நண்பர் முறைவைத்து வாங்கும் வழக்கமே மிகுகுடிக்குக் காரணமென்று கண்டதனால் வந்த தடை அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிவெறிக்காகத் தண்டிக்கப்பட்டோர் 1914-இல் ஏறத்தாழ 1,84,000 பேர். 1918-இல் ஏறத்தாழ 29,000 பேர். ஆடவர் பலர் போர்க்களஞ் சென்றமையும், பீரின் வலிமை குறைந்தமையும், வரி உயர்ந்தமையும் இதற்குத் துணைக்காரணங்கள். ஆயினும் கடிகாரத்திற்கும் இதிற் பங்குண்டு என்பதை மறுத்தல் இயலாது.

போர் முடிந்தும் பழைய வேளை மீளவில்லை. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கு ஒன்பது மணி நேரம் அளித்து, பிற்பகல் இடைவேளையை நிலைநிறுத்தியது. மூடும் வேளை பகுதிக்குப் பகுதி வேறுபட்டமையால் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1940-களில் ஃபிட்ஸ்ரோவியாப் பகுதியில் 10.30-க்கு மணியடித்ததும், எழுத்தாளர் சிலர் ஆக்ஸ்ஃபோர்டு தெருவைக் கடந்து சோஹோவுக்கு விரைவர். அங்கே 11 வரை கதவு திறந்திருக்கும். கடைசி மணியடிக்குமுன் அவசரமாகக் குடித்துத் தீர்க்கும் வழக்கத்தை, அடக்க வந்த சட்டமே வளர்த்தது.

அக்காலத்து மனையின் இயல்பை ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய ‘தி மூன் அண்டர் வாட்டர்’ என்னுங் கட்டுரை நன்கு விளக்கும். தாம் விரும்பும் பொதுமனை யொன்றை வருணித்துவிட்டு, அத்தகையதொரு மனை உண்மையில் இல்லையென அவர் முடிக்கின்றார். அவர் முதன்மையாகப் பாராட்டுவது மதுவையன்று. அமைதியாகப் பேசத்தக்க சூழலையும், வருவோர் பெயரறிந்து பழகும் பணிப்பெண்களையுமே.

பின்னர்க் கட்டுகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. நிறம்பற்றி மக்களை வாயிலில் மறுப்பதை 1965-ஆம் ஆண்டு இனவுறவுச் சட்டந் தடுத்தது; பொதுமனை சட்டத்தளவிலேனும் யாவர்க்கும் பொதுவாயிற்று. 1988-இல் வாரநாட்களின் பிற்பகல் இடைவேளை நீங்கியது. 1995-இல் ஞாயிற்றுக்கிழமை இடைவேளையும் நீங்கியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபொழுது, நீதவான்களின் அதிகாரம் நகரசபைகளுக்குச் சென்றது. ஒவ்வொரு மனையும் தன் வேளையைத் தானே கேட்டுப் பெறலாம் என்றாயிற்று. இருபத்து நான்கு மணி நேரமும் ஊர் குடிக்குமென்று பலர் அஞ்சினர். ஆனால் மிகப்பல மனைகள் வார இறுதியில் ஓரிரு மணி மட்டுமே நீட்டின.

கதவை நினைத்தபடி திறந்துவைக்க உரிமை கிடைத்த அக்காலத்திலேயே கதவுகள் என்றென்றைக்குமாக மூடத் தொடங்கின. 2001-இல் இலண்டனில் 4,835 பொதுமனைகள் இருந்தன. 2016-இல் எஞ்சியவை 3,615. அங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் மது, ஏறிய வாடகையும் வரியும், எல்லாவற்றினும் மேலாக நிலத்தின் விலை ஆகியன இதற்குக் காரணம். மனையாக இருப்பதைக் காட்டிலும் குடியிருப்புகளாக மாறினால் அந்நிலம் மிகுந்த பொருள் தரும். மெய்டா வேல் பகுதியிலிருந்த கார்ல்டன் டாவர்ன் 2015 ஏப்பிரலில் அநுமதியின்றி இடிக்கப்பட்டது. ஊரார் கொதித்தெழுந்தனர், இருந்தபடியே மீண்டுங் கட்டுகவென நகரசபை ஆணையிட்டது, 2021-இல் அது மறுபடியுந் திறந்தது. நன்ஹெட்டிலுள்ள ஐவி ஹவுஸ் என்னும் மனையை 2013-இல் ஊரார் பங்குகள் சேர்த்துத் தாமே வாங்கினர்.

நண்பர்களே, ஒரு நூற்றாண்டின் முன் நல்லோர் பலர் இக்கதவுகளை விரைவில் அடைக்கப் போராடினர். இன்று நல்லோர் பலர் இவை அடைபடாதிருக்கப் போராடுகின்றனர். முன்னையோர் பிழைபட்டார் என்போமல்லேம். கூலியனைத்தையும் குடித்தழித்தவன் வீட்டில் அழுத குழந்தையின் குரலே அவர்களைத் தூண்டியது. பின்னையோரையும் இகழ்தல் தகாது. மனைவியை இழந்து ஓரறையில் தனித்து வாழும் முதியவன், தன்னைப் பெயர்சொல்லி அழைப்பார் ஒருவரைக் காணச் செல்லும் இடம் அவன் தெருவில் வேறுண்டோ என்பதே அவர்தம் வினா. எம்மா கான்ஸ் அம்மையார் இரு சாராரின் கவலையையும் ஒருங்கே அறிந்திருந்தார். மூடுவதற்குரிய வேளையைச் சட்டம் வகுக்கலாம். அவ்வேளைக்குப்பின் மனிதன் எங்கே போவான் என்பதற்கு அயலாரே விடையளித்தல் வேண்டும்.