கொறுக்காய்ப்புளியும் அதன் அமிலமும்

அறுசுவையுள் புளிப்பு ஒன்று. எனினும் புளிப்பெல்லாம் ஒன்றல்ல. தேசிக்காயின் புளிப்பு வேறு. பழப்புளியின் புளிப்பு வேறு. கொறுக்காயின் புளிப்பு அவ்விரண்டினும் வேறு. நாவுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இம்மூன்றையும் இரசாயனவியல் மூன்று பெயரால் அழைக்கின்றது. தேசிக்காயில் மிகுந்திருப்பது சித்திரிக்கமிலம். 1784ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் சீலே அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். பழப்புளியிற் சிறந்து நிற்பது தாத்தாரிக்கமிலம். கொறுக்காயில் உள்ளதோ ஐதரொட்சிசித்திரிக்கமிலம். இம்மூன்றாவதன் வரலாற்றை அறிவது மாணவர்க்குப் பெரிதும் பயன்தரும்.

கொறுக்காய் மரம் நம் வாவிக்கரையில் வளர்வதன்று. அது மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயத்துக்கு உரியது. தமிழகத்தின் தென்கோடியில் உள்ளோர் இவ்வினத்துக் காயைக் குடம்புளி என்பர். பழத்தின் தோலைக் கீறி உலர்த்தினால் அது கரிய நிறம் பெற்று நெடுநாள் கெடாதிருக்கும். சூரை போன்ற கடல்மீன்களைச் சமைப்பதற்கு இது உகந்தது. சிங்கள மக்கள் ஆக்கும் அம்புல்தியல் இதனாலேயே சில நாட்கள் கெடாமல் இருக்கின்றது. முன்னாளில் இந்தியாவின் மேற்குக் கரையில் மீனை உப்பும் குடம்புளியும் இட்டுப் பீப்பாக்களில் அடைத்து இலங்கைக்கு அனுப்பினர். அம்முறை கொழும்புப் பதனீடு என்றே பெயர் பெற்றது.

புளி மீனைக் காப்பது எங்ஙனம்? மீனை அழுகச் செய்யும் பற்றீரியங்களுட் பல அமிலம் மிகுந்த இடத்திற் பெருகமாட்டா. சூரை இன மீன்களிலே அவை ஹிஸ்ரமீன் எனும் நஞ்சையும் உண்டாக்கவல்லன. அந்நஞ்சு ஒருமுறை தோன்றிவிட்டால் கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆதலின் மீன் பழுதாகுமுன்னரே புளியிடுதல் வேண்டும். பெயர் அறியாதபோதும் பயன் அறிந்தோர் நம் முன்னோர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனிப் பெயருக்கு வருவோம். கொறுக்காய் இனத்தின் புளிப்பைச் சித்திரிக்கமிலம் என்றும் தாத்தாரிக்கமிலம் என்றும் நூல்கள் நெடுங்காலம் தவறாகக் கூறி வந்தன. 1965ஆம் ஆண்டிலே மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும் அதனை முறையாகப் பிரித்து ஆராய்ந்து, அது ஐதரொட்சிசித்திரிக்கமிலமே என நிறுவினர். உலர்ந்த தோலில் இது நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை உண்டு.

சித்திரிக்கமிலத்தின் மூலக்கூறில் காபன் அணு 6, ஐதரசன் 8, ஒட்சிசன் 7. கொறுக்காய் அமிலத்தில் ஒட்சிசன் மட்டும் 8. வேறுபாடு ஓர் அணுவே. 'கனி' என்பதுடன் ஓர் எழுத்துச் சேரின் 'கனிவு' ஆகிப் பொருள் முற்றும் மாறுதல் போன்றது இது. மேலும், இவ்வணுக்கள் வெளியில் நிற்கும் முறையால் இவ்வமிலம் நான்கு வடிவம் கொள்ளும். 'வாசி' என்பதன் எழுத்துக்களை மாற்றி வைத்தால் 'சிவா' ஆகின்றதன்றோ? அவ்வாறே கொறுக்காயில் உள்ளது ஒரு வடிவம். சீமைப் புளிச்சையில் உள்ளது மற்றொரு வடிவம்.

ஆய்வுகூடத்தில் இதற்கு மதிப்பு வந்தது 1969ஆம் ஆண்டில். நம் உடற்கலங்களில் உணவு எரிந்து சத்தியாகும் வழியிலே சித்திரிக்கமிலம் தோன்றுகின்றது. இவ்வட்டத்தை 1937இல் விளக்கிய கிரெப்சு 1953இல் நோபெல் பரிசு பெற்றார். மாப்பண்டம் மிகும்போது, எஞ்சிய சித்திரிக்கமிலத்தை ஒரு நொதியம் பிளந்து, கொழுப்பாக்குதற்குரிய மூலப்பொருளைத் தருகின்றது. அமெரிக்காவின் பிரண்டைசு பல்கலைக்கழகத்தில் லோவென்ஸ்ரைன் குழுவினர், கொறுக்காய் அமிலம் அந்நொதியத்தைத் தடுப்பதைக் கண்டனர். உருவத்தில் ஒத்த பிறிதொரு திறவுகோல் பூட்டினுட் புகுந்து இறுகிக்கொள்ள, உரிய திறவுகோலுக்கு இடமில்லாது போதலை ஒப்பது இது. அன்றுதொட்டு, கலங்களிற் கொழுப்பு உண்டாகும் முறையை ஆராய்வோர்க்கு இவ்வமிலம் ஒரு கருவியாயிற்று. 2016இல், சிறுநீரகக் கல்லாக அமையும் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கின் வளர்ச்சியை இது தடுப்பதாகவும், சில நிலைகளிற் பளிங்கைக் கரைப்பதாகவும் ஆய்வாளர் கண்டனர்.

ஆய்வுகூடத்தில் மெய்யானது கடைத்தெருவில் மிகையாயிற்று. எலிகளில் கொழுப்பாக்கம் குறைந்தது என்ற செய்தியைப் பற்றிக்கொண்டு, உடல் மெலிவிக்கும் குளிசை என இதனை விற்கத் தொடங்கினர். 1998இல் வெளியான ஆய்வொன்றில் 135 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார்க்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் அமிலமும், மறுசாரார்க்கு வெற்றுக் குளிசையும் பன்னிரண்டு வாரம் கொடுக்கப்பட்டன. அமிலம் உண்டோர் மற்றவரினும் மிகுதியாக மெலியவில்லை. மனிதர் உடலிற் சேரும் கொழுப்பிற் பெரும்பகுதி உணவிலுள்ள கொழுப்பிலிருந்தே வருவதால், மாப்பொருளைக் கொழுப்பாக்கும் வழியை அடைப்பதனால் விளையும் பயன் சிறிதே என்பர். அன்றியும், இக்காயின் சாறு சேர்ந்த குளிசைகளை உண்ட சிலர்க்குக் கடும் ஈரல் நோய் நேர்ந்ததாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. கறிக்கு இடும் இரண்டொரு துண்டு வேறு. சாற்றைச் செறித்து நாள்தோறும் விழுங்கும் குளிசை வேறு. பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்களும் இதனை உளங்கொள்வாராக.

காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்; தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். அவர் பிறந்த மண்ணில் இவ்விரண்டு துறையும் பகையல்ல. தமிழ் மாணவன் ஒருவன் சொல்லின் பொருளை ஆராய்வது போலவே பொருளின் பெயரையும் ஆராய்தல் வேண்டும். நூல் கூறிய பெயர் பிழையெனக் காட்டிய இருவரையும், விற்போர் கூறிய பயனைச் சோதித்த மருத்துவரையும் எண்ணுக. அவர்கள் செய்தது ஒன்றே: கேட்டதை அளந்து பார்த்தனர். வீட்டு அடுக்களையில் உள்ள கரிய சிறு துண்டொன்று நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.