கிருமியைத் தேடும் ஸ்கேனுக்குக் கோவை காந்திபுரம் வருகிறவர்களுக்கு

மூட்டு மாற்று அறுவை முடிந்து மாதக்கணக்காகியும் முழங்காலில் நோவு விடவில்லை, எக்ஸ்ரேயிலும் பிடிபடவில்லை. உள்ளே சீழா, வெறும் அழற்சியா? சிப்ரோஃப்ளாக்சசினோடு டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து நரம்பில் ஏற்றி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று காமா கேமராவில் பார்ப்பது ஒரு வழி. இந்த முறை லண்டனில் 'இன்ஃபெக்டான்' என்ற பெயரில் தொடங்கியது. டெல்லியில் உள்ள அணு மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்மாஸ் இதற்கென்றே 'டயக்னோபாக்ட்' கிட்டை உருவாக்கியது.

செய்ய வேண்டியவை

• முதலில் போன் போட்டு, "இந்த ஸ்கேன் உங்ககிட்ட எடுக்கறீங்களா?" என்று கேளுங்கள். எல்லா நியூக்ளியர் மெடிசின் பிரிவிலும் எடுப்பதில்லை. சிலருக்கு வெள்ளையணு ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எழுதுவார்கள்.

• சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். உங்களுக்காகக் கலந்து, ஈயக் கவசத்துக்குள் வைத்த ஊசி அது. சத்தியமங்கலம் பஸ் லேட் என்றால் காத்திருக்காது.

• சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அட்டைகளை, காலியானதையும் சேர்த்து, பையில் போட்டு வாருங்கள். சிப்ரோ ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

• ராத்திரி தங்க ஏற்பாடு செய்யுங்கள். ஊசி போட்ட பின் எடுக்கும் 1, 4 மணி நேரப் படங்களோடு மறுநாள் 24-வது மணி நேரப் படமும் பெரும்பாலும் உண்டு. ஏற்றிய மருந்து வெறும் அழற்சியில் மங்கி, கிருமி உள்ள இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது அதில்தான். ஈரோட்டுக்குச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டால் முக்கியமான படம் போச்சு.

செய்யக்கூடாதவை

• "ஆன்டிபயாடிக் ஊசி போட்டாச்சு" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்ஃபெக்டானில் இருந்த சிப்ரோ 2 மில்லிகிராம், மாத்திரையில் 500. நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

• படத்தில் ஒளிரும் புள்ளியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் திட்டத்தில் 8 நாடுகளில் 879 பேரைச் சோதித்த ஆய்வு 2002-ல் வந்தது: தொற்று உள்ளவர்களைச் சுமார் 85 சதவீதமும், இல்லாதவர்களைச் சுமார் 82 சதவீதமும் சரியாகக் காட்டியது. பிறகு வந்த சில ஆய்வுகள், கிருமியே இல்லாத அழற்சியிலும் இது தேங்குவதாகக் கண்டன. என்னைக் கேட்டால், மூட்டு நீரை ஊசியில் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பாமல் இந்தப் படத்தை மட்டும் நம்பி மறு அறுவைக்குத் தலையாட்டக் கூடாது.

• கதிரியக்கம் என்றதும் பஸ்ஸில் ஏறவே பயப்படாதீர்கள். தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் போதும். அன்று மட்டும் பேரக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் ஊசி போட்ட அதே நேரத்துக்குக் கதிர்வீச்சு 16-ல் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும்.