வெல்லம் போட்டால் மட்டும் போதுமா? வீட்டுப் பலகாரத்தைச் சத்துப் பலகாரமாக்கும் வழி



பண்டிகை வந்தால் பலகாரம் செய்யாமல் இருக்க முடியுமா? பெண்ணுக்கு வளைகாப்பு, பிள்ளைக்குப் பிறந்த நாள், வீட்டுக்கு விருந்தாளி என்று ஆண்டு முழுவதும் இனிப்புக்கு ஏதாவது காரணம் இருக்கிறது. இனிப்பே கூடாது என்று சொல்ல இந்தப் பாடம் வரவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களும் கேட்கப் போவதில்லை! அதே பலகாரத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்தால் உடம்புக்கு நல்லது என்று காட்டத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பாதி சொன்ன பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினருக்குச் சமையல் செயல்விளக்கம் நடத்தினேன். "சீனிக்குப் பதிலா வெல்லம் போடுங்க. வெல்லத்துல இரும்புச் சத்து இருக்கு" என்று சொல்லி, கடலை உருண்டை பிடித்துக் காட்டினேன். எல்லோரும் ருசி பார்த்தார்கள், கை தட்டினார்கள். நானும் மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து அதே ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண், ஆறவே இல்லை. "இனிப்பு சாப்பிடுறீங்களா பெரியம்மா?" என்று கேட்டேன். "சீனியைத் தொடறதே இல்லம்மா. நீங்க சொன்ன வெல்ல உருண்டைதான். தினம் மூணு, நாலு" என்றார்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். முகம் வெளுத்திருந்தது. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே அலமாரியில் கிடந்தது. "மாத்திரை சாப்பிட்டா வயத்தைப் புரட்டுது. வெல்லத்துலதான் இரும்பு இருக்குன்னு நீங்க சொன்னீங்களே?" என்றாள் அந்தப் பெண்.

இருவரையும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். பெரியம்மாவுக்குச் சர்க்கரை மிக அதிகம். மருமகளுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். நல்ல வேளையாக, மருத்துவர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டுப் பிரசவத்துக்குள் அவள் 10ஐத் தாண்டினாள். பெரியம்மாவின் புண்ணும் மெல்ல ஆறியது.

அந்த வீட்டார் மீது குற்றமில்லை. நான் பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மீதிப் பாடம் இதோ.

வெல்லமும் இனிப்புதான்

சீனி 100 கிராமில் சுமார் 400 கலோரி. வெல்லம் 100 கிராமில் சுமார் 380 கலோரி. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்! வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவானாலும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் எதுவும் விதிவிலக்கு அல்ல.

சரி, இரும்புச் சத்து? வெல்லத்தில் அது இருப்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெல்லத்துக்கு வெல்லம் அளவு மாறும். 100 கிராமில் 10 மில்லிகிராம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு உருண்டையில் 5 கிராம் வெல்லம் இருந்தால் கிடைப்பது அரை மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாள் உணவில் 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் அளவு வகுத்திருக்கிறது. அதை வெல்லத்தாலேயே ஈடுகட்ட நினைத்தால் நாளுக்குக் கால் கிலோவுக்கு மேல் வெல்லம் தின்ன வேண்டும். நடக்கிற காரியமா?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நாளுக்கு ஒன்று வீதம் 180 நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். சோகை அதிகமாக இருந்தால் மருத்துவர் அளவை மாற்றிக் கொடுப்பார். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் படுக்கும்போது சாப்பிட்டுப் பாருங்கள். காபி, டீயோடு மட்டும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வெல்லப் பலகாரம் எந்த மாத்திரைக்கும் ஈடு ஆகாது.

அப்படியானால் வீட்டுப் பலகாரத்தில் என்ன லாபம்?

லாபம் நிறைய உண்டு. அது வெல்லத்தோடு சேருகிற மற்றப் பொருள்களில் இருக்கிறது. வேர்க்கடலையிலும் பாசிப்பயறிலும் 100 கிராமுக்கு 24, 25 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தோல் நீக்காத எள்ளில் அதைவிடப் பல மடங்கு. மைதாவும் சீனியும் சேர்ந்த பலகாரத்தில் இவற்றையெல்லாம் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே மூன்று மாற்றம் செய்யுங்கள்: பருப்பு, தானியத்தைக் கூட்டுங்கள். இனிப்பைப் பாதியாக்குங்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டையை நெல்லிக்காய் அளவாக்குங்கள்.

செய்முறை 1: பாசிப்பருப்பு உருண்டை

வழக்கமாக எப்படிச் செய்கிறோம்? மாவு 200 கிராம், சீனி 200 கிராம், நெய் 100 கிராம். பெரிதாக 12 உருண்டை வரும். ஒவ்வொன்றிலும் 16 கிராம் சீனி, அதாவது மூன்று டீஸ்பூனுக்கு மேல்!

இனி இப்படிச் செய்யுங்கள்: பாசிப்பருப்பு 200 கிராம், வேர்க்கடலை 50 கிராம், வெல்லத் தூள் 80 கிராம், நெய் 5 டேபிள்ஸ்பூன், ஏலக்காய் 3.

பருப்பை மிதமான தீயில் பொன்னிறமாக, மணம் வரும்வரை வறுத்து, ஆறியபின் ஏலக்காயோடு நைஸாக அரைத்துச் சலியுங்கள். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடி செய்யுங்கள். எல்லாவற்றையும் வெல்லத் தூளோடு கலந்து, சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடு இருக்கும்போதே அழுத்திப் பிடியுங்கள். கடலையில் உள்ள எண்ணெய் பிடிப்பதற்கு உதவும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் சூடான பால் தெளிக்கலாம். ஆனால் பால் சேர்த்ததை மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இருபது உருண்டை வரும். ஒன்றில் வெல்லம் 4 கிராம்தான். சுமார் 95 கலோரி. பழைய பெரிய உருண்டையில் இது ஏறக்குறைய 200. "சின்னதுதானே" என்று இரண்டு எடுத்தால் கலோரிக் கணக்கு பழையபடி ஆகிவிடும். ஒன்றோடு நிறுத்துங்கள்.

செய்முறை 2: கேழ்வரகு சிமிலி

வட மாவட்டங்களில் பாட்டிமார் நன்றாக அறிந்த பலகாரம் இது. பாகு காய்ச்ச வேண்டாம், நெய்யும் வேண்டாம்.

கேழ்வரகு மாவு 200 கிராம், வேர்க்கடலை 100 கிராம், எள் 2 டேபிள்ஸ்பூன், வெல்லம் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

மாவில் உப்புப் போட்டு வெந்நீர் தெளித்துப் பிசைந்து, அடையாகத் தட்டி, தோசைக்கல்லில் இரு பக்கமும் நன்றாக வேகவிடுங்கள். உள்ளே பச்சை மாவு இருக்கக் கூடாது. ஆறியதும் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வறுத்த கடலை, எள்ளை உரலில் இடித்து, அடைத் துண்டையும் வெல்லத்தையும் போட்டு மறுபடி இடியுங்கள். மிக்சியானால் விட்டு விட்டு ஓட்டுங்கள். கையில் ஒட்டும் பதம் வந்ததும் உருண்டை பிடிக்கலாம். 22 உருண்டை வரும். ஒன்றில் வெல்லம் 5 கிராமுக்கும் குறைவு. இதில் ஈரம் இருப்பதால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

செய்முறை 3: பூரணக் கொழுக்கட்டை

எண்ணெயில் பொரிப்பதைவிட ஆவியில் வேகவைப்பது நல்லது. அதிரசம் வெல்லத்தையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். கொழுக்கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடலைப்பருப்பு 150 கிராம் வேகவைத்து, நீர் வடித்து மசியுங்கள். வெல்லம் 75 கிராம், தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், ஏலக்காய் சேர்த்துச் சுருளக் கிளறுங்கள். அரிசி மாவோடு நாலில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலந்து மேல் மாவு செய்து, பூரணம் வைத்து மூடி, இட்லிப் பானையில் 10 நிமிடம் வேகவையுங்கள். 15 கொழுக்கட்டை செய்தால் ஒன்றுக்கு 5 கிராம் வெல்லம். "இனிப்புப் பத்தலையே" என்று வீட்டில் சொல்வார்கள். ஒரேயடியாகக் குறைக்காமல் இந்த முறை கால் பங்கு, அடுத்த முறை இன்னும் கால் பங்கு என்று குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

வீட்டுக் கணக்கு

எந்தப் பலகாரம் செய்தாலும் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். போட்ட இனிப்பு எத்தனை கிராமோ அதை எண்ணிக்கையால் வகுங்கள். ஒன்றுக்கு 5 கிராமுக்குள் வந்தால் நல்லது.

நாளுக்கு எவ்வளவு இனிப்பு சாப்பிடலாம்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்குச் சுமார் 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது 5 டீஸ்பூன். தேனும் வெல்லமும் இந்தக் கணக்கில் சேரும். மூன்று வேளைக் காபியில் இரண்டிரண்டு டீஸ்பூன் போட்டால் 6 ஆகிவிட்டது. பலகாரத்தை இன்னும் தொடவே இல்லை! பண்டிகை நாளில் பலகாரம் சாப்பிட ஆசையா? காபியில் சீனியைக் குறையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இனிப்புச் சேர்த்த பலகாரம் பழக்க வேண்டாம். மசித்த வாழைப்பழமே போதும். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு நாக்கில் வைப்பதும் கூடாது. அதனால் ஆபத்தான நோய் வரக்கூடும்.

• 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலையோ, கெட்டியான கடலை மிட்டாயோ தராதீர்கள். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கொடுங்கள்.

• பூசணம் பிடித்த, சுருங்கிக் கறுத்த, கசக்கும் கடலையைத் தூர எறியுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் போகாது.

• வனஸ்பதி வேண்டாம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ போதும். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

• பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை நம்பி வாங்காதீர்கள். நிறத்துக்காக இரசாயனம் சேர்த்திருக்கலாம். எந்த வெல்லமானாலும் சூடான நீரில் கரைத்து வடிகட்டினால் மண், தூசு போகும். பாகு வேண்டாத உருண்டைக்குச் சுத்தமான வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள்.

• சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சத்து உருண்டையையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆசைக்கு உப்புப் போட்ட சுண்டல் ஒரு கைப்பிடி சாப்பிடலாம். "இன்னிக்கு இனிப்பு சாப்பிட்டேன், ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கறேன்" என்று நீங்களே மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து. ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள்.

தாய்மார்களே!

நம் பாட்டிமார் உருண்டையை நிறையச் சாப்பிட்டார்கள், நன்றாகத்தானே இருந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் அதை உரலில் இடித்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், வயலுக்கு நடந்தார்கள். உருண்டையும் வருஷத்தில் சில நாள்தான். நாம் உருண்டையை வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டோம். ஆகவே அளவைக் குறைப்பதுதான் நியாயம்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது "வெல்லம் போட்டதுதான், எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்று சொன்னால், அந்தப் பெரியம்மாவையும் மருமகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை மடித்து வைக்காமல் பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுங்கள். பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முழுப் பாடத்தையும் சொல்லுங்கள்!

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அங்கே இலவசமாகச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அளவோடு இனிப்பு, ஆரோக்கியமான குடும்பம்!