உரிமத்தைப் புதுப்பிக்குமுன் சான்றைப் பாதுகாத்திடுக

தோட்டப்புறத்தில் வாகனமின்றி வேலை நடப்பது இக்காலத்தில் அரிது. வெட்டுக்காட்டுக்குச் செல்ல மோட்டார் சைக்கிள் வேண்டும். சேகரித்த பாலை ஆலைக்குக் கொண்டு செல்ல லாரி வேண்டும். உரமூட்டைகளையும் கன்றுகளையும் ஏற்றிச் செல்ல டிராக்டர் வேண்டும். மழை பெய்யும் நாளில் பால்வெட்டு நின்றுவிடும். ஓட்டுநருக்கோ அன்றும் வேலை இருக்கக்கூடும். இதனாலேயே தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஓட்டுநர் வேலையை நாடுகின்றனர்.

இவ்வேலையைத் தருவது கைத்திறமை மட்டுமன்று. அத்திறமைக்கு அரசாங்கம் அளிக்கும் அத்தாட்சியாகிய ஓட்டுநர் உரிமமும் வேண்டும். அரும்பாடுபட்டுப் பயின்று, தேர்வில் தேறிப் பெற்ற அவ்வுரிமம், புதுப்பிக்கும் வேளையில் ஒரு வகுப்புக் குறைந்து திரும்பி வருமாயின் தொழிலாளியின் நிலை என்னாவது? அக்குறை நேராமல் காத்துக்கொள்ளும் வழி யாது? இவ்விரண்டையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

உரிமம் ஒன்று, உரிமைகள் பல

மலேசியாவில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் பொறுப்புச் சாலைப் போக்குவரத்து இலாகாவைச் சார்ந்தது. 'ஜே.பி.ஜே.' என நாம் வழங்குவது இதனையே. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1992ஆம் ஆண்டு ஓட்டுநர் உரிம விதிகளும் இதற்கு அடிப்படையாகும். அதற்கு முன்னர் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கட்டளைச் சட்டம் நடப்பில் இருந்தது.

உரிமம் ஒரே அட்டையாகத் தோன்றினும் அதனுள் அடங்கும் வகுப்புகள் பல. 250 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்குரியது 'பி2' வகுப்பு. அதனினும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு 'பி1', 'பி' என்பன உள்ளன. மோட்டார் காருக்குரியது 'டி'. கனரக வாகனங்களுக்குரியது 'இ'. 5,000 கிலோகிராம் எடைக்கு மேற்படாத, சக்கரமுள்ள டிராக்டருக்கும் நகரும் இயந்திரங்களுக்கும் உரியது 'எஃப்'. இவையன்றி, சரக்கு லாரி ஓட்டுவோர் 'ஜி.டி.எல்.' என்னும் தொழில் உரிமத்தையும், பொதுமக்களை ஏற்றிச் செல்வோர் 'பி.எஸ்.வி.' என்னும் தொழில் உரிமத்தையும் பெற்றிருத்தல் வேண்டும்.

ஆகவே ஒருவரிடம் 'லைசென்ஸ் இருக்கிறது' என்று கூறுவது போதாது. எந்த எந்த வகுப்புக்கு இருக்கிறது என்பதே வினா. 'பி2' மட்டும் உடையவர் டிராக்டர் ஓட்டுவாராயின், அவர் உரிமமின்றி ஓட்டுபவராகவே கருதப்படுவார்.

வகுப்பு விடுபடுவது எவ்வாறு?

பெக்கோக், ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் இளமையில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற்றார். பின்னர் கார் உரிமமும், அதன்பின் டிராக்டருக்குரிய வகுப்பும் பெற்றார். மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் பெறப்பட்டவை. இந்நெடுங்காலத்தில் உரிமத்தின் வடிவமும் பலமுறை மாறியது. கையால் எழுதிய பதிவுகள் கணினிக்குச் சென்றன. 2001ஆம் ஆண்டில் 'மைகார்டு' அடையாளக் கார்டு அறிமுகமாயிற்று. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் முதல், மலேசியக் குடிமக்கள் தங்கள் உரிமத்தைக் கைத்தொலைபேசியில் 'மைஜேபிஜே' செயலியின் வழியாகவே காட்டலாம் என்னும் ஏற்பாடு வந்தது.

பதிவு ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் பிழை நுழைய இடமுண்டு. தோட்டப்புற மக்களைப் பொறுத்தவரை இரு காரணங்களைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

முதலாவது, அடையாளக் கார்டு எண். 1990ஆம் ஆண்டிலேயே 12 இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணின் கீழ்ப் பெற்ற வகுப்பு, புதிய எண்ணின் கீழுள்ள பதிவோடு இணைக்கப்படாமல் தனித்து நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, பெயரின் எழுத்து. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்பொழுது ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறுவாறும் எழுதுவது வழக்கம். பிறப்புப் பத்திரத்தில் ஓரெழுத்தும், அடையாளக் கார்டில் வேறோர் எழுத்தும், பழைய உரிமத்தில் மற்றோர் எழுத்துமாக இருப்பின், மூவரும் ஒருவரே என்பதைக் கணினி தானாக அறியாது.

விடுபட்டால் நேரும் தீங்கு

உரிய உரிமமின்றி வாகனம் ஓட்டுதல் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி குற்றமாகும். 300 வெள்ளிக்குக் குறையாமலும் 2,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதமோ, 3 மாதங்களுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமமில்லாதவரை வேலைக்கு அமர்த்தி ஓட்டச் செய்வதும் குற்றமே. எனவே நிர்வாகம் உரிமத்தில் வகுப்பைக் காணாவிடில், எத்துணை அனுபவமுள்ளவரையும் வண்டியிலிருந்து இறக்கிவிடும். அதனைக் குறைகூறவும் இயலாது.

"தோட்டச் சாலைக்கு இச்சட்டம் எதற்கு?" எனச் சிலர் வினவுவர். பொதுமக்கள் சென்றுவரக்கூடிய எந்தச் சாலையையும் சட்டம் 'சாலை' என்னும் சொல்லில் அடக்குகிறது. மேலும் ஒரு டிவிஷனிலிருந்து மற்றொரு டிவிஷனுக்குச் செல்லும் டிராக்டர் பெரும்பாலும் பொதுச்சாலையைக் கடந்தே செல்கிறது. அங்கு விபத்து நேரின் முதலில் கேட்கப்படுவது உரிமமே. வகுப்பு இல்லையெனில் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் தோன்றலாம்.

ஜொகூரில் வாழ்வோருக்கு மற்றுமொரு கருத்துண்டு. நம் இளைஞர் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆசியான் நாடுகள் ஒன்றன் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் உடன்பாடு 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் கோலாலம்பூரில் கையெழுத்தாயிற்று. எனினும் உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும் வகுப்பே அங்கும் மதிக்கப்படும். எழுதப்படாத வகுப்பை எந்நாடும் ஏற்காது.

பிற நாடுகள் தரும் பாடம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் கார்த் தேர்வில் தேறியவர்களுக்குச் சிறு லாரியும் சிறு பேருந்தும் ஓட்டும் உரிமைகள் உடன் கிடைத்தன. அதன்பின் தேறியோருக்கு அவ்வாறில்லை. 70 வயதில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, மருத்துவத் தகுதியைக் காட்டித் தனியே கேளாதவர் அவ்வுரிமைகளை இழக்கின்றனர். அந்நாட்டில் தேர்வில் தேறியவர் தேர்ச்சிச் சான்றை 2 ஆண்டுகளுக்குள் உரிமத்தில் சேர்த்துக்கொள்ளாவிடில் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதுதான்.

இந்தியாவிலோ, கையால் எழுதப்பட்ட பழைய புத்தக உரிமங்கள் 'சாரதி' என்னும் கணினிப் பதிவேட்டுக்கு மாற்றப்பட்டன. பழைய புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்க்கு அம்மாற்றம் எளிதாயிற்று. இவை உணர்த்துவது ஒன்றே: தேறினேன் என்பது நினைவில் இருந்தால் போதாது, தேறியதற்குச் சான்று கையில் இருக்கவேண்டும்.

புதுப்பிக்குமுன் செய்யவேண்டியவை

1. பழைய உரிமத்தின் இருபுறத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலகத்தில் நகல் இயந்திரம் இருப்பின் கிராணியாரிடம் உதவி கேட்கலாம். இயலாதவர் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்து, அதனை மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் வைத்தலாகாது.

2. வகுப்புகளையும், ஒவ்வொன்றையும் பெற்ற ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த ஊரில் தேர்வு எழுதினீர்கள் என்பதையும் குறியுங்கள்.

3. தேர்வுச் சான்று, கட்டண ரசீது, காலாவதியான பழைய உரிமங்கள் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். 'பழையது எதற்கு?' என எண்ணற்க. பிறப்புப் பத்திரத்தோடும் இ.பி.எப். தாள்களோடும் ஒரே உறையில் அவையும் இருக்கட்டும்.

4. ஜே.பி.ஜே. முகப்பிலோ அஞ்சல் நிலையத்திலோ புதுப்பிப்பவர், முகப்பை விட்டு நகருமுன் புதிய உரிமத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். பெயர், அடையாளக் கார்டு எண், வகுப்புகள், காலாவதி நாள் ஆகிய நான்கையும் பழைய நகலோடு ஒப்பிடுக. கண்பார்வை குறைந்தவரும் எழுத்தறியாதவரும் படித்த பிள்ளை ஒருவரை உடனழைத்துச் செல்லுதல் நலம்.

5. இணைய வழியாகப் புதுப்பிப்பவர், புதுப்பித்த அன்றே செயலியில் தோன்றும் வகுப்புகளைச் சரிபார்த்து, அத்திரையைப் படமெடுத்து வைக்கவேண்டும்.

6. ஜி.டி.எல்., பி.எஸ்.வி. உடையோர் அவற்றின் காலாவதி நாளைத் தனியே கவனிக்க வேண்டும். கார் உரிமம் நடப்பில் இருப்பதால் தொழில் உரிமமும் நடப்பில் இருக்கும் என்று கருதலாகாது.

குறை கண்டால் என்ன செய்வது?

வகுப்பு ஒன்று விடுபட்டிருப்பின், 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என ஒத்திப்போடுதல் கூடாது. பழைய உரிமம், அதன் நகல், அடையாளக் கார்டு, ரசீது ஆகியவற்றுடன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் கிளை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெக்கோக் வட்டாரத்தார்க்குச் சிகாமட் கிளை உள்ளது. அஞ்சல் நிலைய முகப்பு புதுப்பித்துத் தரும் இடமேயன்றிப் பதிவைத் திருத்தும் இடமன்று. குறையை எழுத்து மூலம் தெரிவித்து, அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தங்கள் நகலில் கேட்டு வாங்குங்கள்.

பெயர் எழுத்தில் வேறுபாடு இருப்பின், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதை 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். குறை திருத்தப்படும் வரை, விடுபட்ட வகுப்பு வாகனத்தை ஓட்டாதிருப்பதே அறிவுடைமை. நிலைமையை நிர்வாகத்திடமும், சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் முன்னரே தெரிவித்துவிடின், அதுவரை வேறு வேலை கேட்டுப் பெற வழி பிறக்கும்.

மூன்று ஆண்டு எல்லை

இறுதியாக நினைவிற் கொள்ளவேண்டியது காலவரம்பு. காலாவதியாகி 3 ஆண்டுகளுக்குட்பட்ட உரிமத்தைக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம். 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் வழக்கம்போல் புதுப்பிக்க இயலாது; மேல்முறையீடு செய்தல் வேண்டும், அன்றேல் புதியவரைப்போல் வகுப்பும் தேர்வும் மீண்டும் தொடங்கவேண்டும். மேல்முறையீட்டுக்கும் பழைய உரிமமே முதன்மையான ஆதாரம். நோய்வாய்ப்பட்டவரும், வண்டியை விற்றுவிட்டவரும், ஓய்வு பெற்றவரும் 'இனி ஓட்டப்போவதில்லை' என்று விட்டுவிடுகின்றனர். பின்னர் காவற்காரர் வேலையோ, பள்ளி வேன் ஓட்டும் வேலையோ தேடி வரும்பொழுது கையில் உரிமம் இராது.

ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டங்கள் பல. வேலையின் வகை மாறிக்கொண்டே செல்லும் இக்காலத்தில், தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு உடன் எடுத்துச் செல்லக்கூடிய உடைமைகள் சிலவே. உரிமத்திலுள்ள ஒவ்வொரு வகுப்பும் அத்தகைய உடைமையாகும். ஒரு தாள் நகலெடுக்க ஆகும் செலவு சில காசுகளே. இழந்த வகுப்பை மீண்டும் பெறப் பல நாட் கூலி தேவைப்படும். அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கச் செல்லுமுன் அந்த நகலை எடுத்து வையுங்கள்.