வாழைமர நோட்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1942 ஜனவரி 31. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கியது. அடுத்த மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியில் ஜொகூரின் கடைத்தெருக்களிலும் தோட்டங்களிலும் ஜப்பானியர் அச்சிட்ட காகித வெள்ளி, மக்கள் வழக்கில் ‘வாழைமர நோட்டு’, கைமாறியது. இன்று அதைச் சேகரிப்போர் பலர். அதைப் பற்றி உலவும் கதைகள் அதைவிடப் பல.

நம்பிக்கை: எல்லாமே வாழைமர நோட்டுதான்.
உண்மை: வாழைமரம் இருப்பது 10 வெள்ளி நோட்டில். 5 வெள்ளியில் தென்னையும் பப்பாளியும், 1000 வெள்ளியில் மாட்டுவண்டியும் உண்டு. ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு மலாயாவுக்குரியது, ‘பி’ பர்மாவுடையது.

நம்பிக்கை: ஜப்பான் தூதரகத்தில் கொடுத்தால் பணம் தருவார்கள்.
உண்மை: கேட்டவுடன் தருவதாக ஜப்பானிய அரசின் வாக்குறுதி நோட்டிலேயே அச்சாகியிருப்பதுதான் இந்த ஆசைக்குக் காரணம். ஆனால் 1945 செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அதைச் செல்லாக்காசாக்கியது. ஜப்பான் நோட்டில் அடைத்த பழைய கடன் அடைந்ததா இல்லையா என்று வழக்குகள் கிளம்பின. 1948இல் வந்த சட்டம், போர் முற்றமுற்ற அந்த நோட்டின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடும் அட்டவணை ஒன்றைத் தந்தது. ஹாங்காங்வாசிகள் தங்களிடமிருந்த ராணுவ யென் என்ற ஜப்பானிய ஆக்கிரமிப்புக்கால நோட்டுக்கு ஈடு கேட்டுத் தோக்கியோவில் தொடுத்த வழக்கும் 1999இல் தள்ளுபடியானது.

நம்பிக்கை: வரிசை எண் இல்லாவிட்டால் போலி.
உண்மை: தொடக்கத்தில் வந்த 1, 5, 10 வெள்ளி நோட்டுகளில் எண் இருந்தது. பிறகு எழுத்துக் குறியீடு மட்டும் போட்டுக் குவித்தார்கள், விலைவாசி எகிறியது. எனவே எண்ணுள்ளவைதான் அரிது. போலியைப் பிடிக்கப் புறஊதா விளக்கு உதவும்: வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த இன்றைய காகிதம் பளிச்சென நீலமாக ஒளிரும், போர்க்காலக் காகிதம் அப்படி ஒளிராது.

நம்பிக்கை: பெரிய தொகை, பெரிய விலை.
உண்மை: மடிப்பில்லாத, எண்ணுள்ள 1 வெள்ளி நோட்டு, கசங்கிய 100 வெள்ளியைவிடக் கூடுதலாக விலைபோகும். இஸ்திரி போடுவதும் லேமினேட் செய்வதும் விலையைக் கெடுக்கும்.

நம்பிக்கை: பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் படமும் 1941 தேதியும் உள்ள வெள்ளி நோட்டு, ஜப்பானியர் வருமுன் புழங்கியது.
உண்மை: தேதி 1941 ஜூலை 1. ஆனால் போர் குறுக்கிட்டதால் அந்த வெள்ளி நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தது ஜப்பான் சரணடைந்த பிறகுதான்.