லேப்டாப்ல பாஸ், சர்வர்ல ஃபெயில்: ஜன்னல் அளவைக் கவனிங்க மக்கா!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு செலினியம்ல டெஸ்ட் எழுதுறவங்க ஒருநாள் இதைப் பார்ப்பீங்க: லேப்டாப்ல பாஸ் ஆன டெஸ்ட், சர்வர்ல ஃபெயில் ஆகும். கோடு அதேதான். மாறினது பிரவுசர் ஜன்னலோட அளவு.

விவேகானந்தர் பாறைக்குப் போற படகுக்கு டிக்கெட் எடுக்க, பூட்ஸ்ட்ராப்ல ஒரு பக்கம் செய்றோம்னு வச்சுக்கோங்க. மெனுவுக்கு 'நேவ்பார் எக்ஸ்பாண்ட் எல்ஜி' கிளாஸ் குடுத்தா, அகலம் 992 பிக்சலுக்குக் கீழ போனதும் மெனு மூணு கோடு பட்டனுக்குள்ள ஒளிஞ்சுக்கும். லேப்டாப் அகலம் 1366. 'புக்கிங்' லிங்க் தெரியும். சர்வர்ல திரை இல்லாம ஓடுற ஹெட்லெஸ் குரோம், அளவு சொல்லலேன்னா 800க்கு 600னு திறக்கலாம். லிங்க் பக்கத்துல இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியல. அதான் 'எலிமெண்ட் நாட் இன்டராக்டபிள்' எரர்.

பலரும் உடனே ஸ்லீப் நேரத்தைக் கூட்டுவாங்க. பத்து செகண்ட் காத்திருந்தாலும் ஒளிஞ்ச லிங்க் வெளிய வராது. மேக்ஸிமைஸும் தீர்வு இல்ல. அது அந்தந்த மெஷினோட திரையைப் பொறுத்தது.

சரியான வழி: செட்டப்லயே, பக்கத்தை லோடு பண்றதுக்கு முன்னாடி, 'செட் விண்டோ சைஸ்'க்கு 1366, 768 குடுங்க. இது ஜன்னலோட மொத்த அளவு. அட்ரஸ் பார் தெரிஞ்சா அதுவும் இதுல சேரும். பக்கத்துக்குக் கிடைக்கிற உயரம் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனா படகுக்கு வரிசையில நிக்கிறவங்க ஃபோன்லதான் புக் பண்ணுவாங்க. அவங்களுக்காக மொபைல் எமுலேஷன்ல 360 பிக்சல் அகலம் வச்சு தனி டெஸ்ட் எழுதுங்க: முதல்ல மூணு கோடு பட்டன், அப்புறம் லிங்க். ரெண்டும் பாஸ் ஆனாதான் பக்கம் ரெடி.